சாவிக்கு நீட்டிய கை

நாகநாதன் கையைக் காட்டுவதற்கு முன்பே அந்த வண்டி நின்றுவிட்டது.

இருபத்தாறு வருடச் சர்வீஸில் அப்படி ஒரு வண்டியை அவர் கண்டதில்லை. காக்கிச்சட்டையைப் பார்த்ததும் சிலர் மிதித்துக்கொண்டு பறப்பார்கள். சிலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போவார்கள். யோக்கியமானவர்கள்கூட ஐம்பதடி தள்ளிப் போய் நிறுத்திவிட்டு அங்கிருந்தே "என்ன சார்?" என்பார்கள். இதுவோ பனிக்குள்ளிருந்து விளக்குப் போடாமல் வந்தது; அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை; தடுப்புக்குப் பத்தடி முன்னால் தானாக நின்று, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, அவருக்காகக் காத்திருந்தது.

விடிகாலை ஐந்தே முக்கால் இருக்கும். மார்கழியின் கடைசி நாள், போகி. வெண்ணாற்றுப் பாலத்தின் மேலண்டை முனையில் இரண்டு இரும்புத் தடுப்புகளை முன்னும் பின்னுமாகக் குறுக்கே போட்டு, பொங்கல் நெரிசலுக்காகச் சொல்லப்பட்ட வண்டிச் சோதனையில் இருந்தார் ஏட்டு நாகநாதன். இரவெல்லாம் இறங்கிய பனி போதாதென்று, ஊர் ஊராகப் பழைய பாயையும் கிழிந்த சாக்கையும் சைக்கிள் டயரையும் கொளுத்திய புகையும் அதோடு சேர்ந்துகொள்ள, பாலத்தின் கைப்பிடிச் சுவரே நாலு முழத்துக்கு அப்பால் காணாமல் போயிருந்தது. அந்தக் கரிவாடைக்கு அடியில் முற்றிய சம்பாக் கதிரின் ஈர வாசனை. அதற்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற ஆற்றின் சளசளப்பு. கீழமருதங்குடிக் கோயில் ஒலிபெருக்கி, மார்கழி இன்றோடு முடிகிறதே என்ற ஆத்திரத்தில் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. கூட இருந்த போலீஸ்காரன் அறிவுச்செல்வன் நாகநாதனின் பைக்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போயிருந்தான். வாக்கி டாக்கி அவன் இடுப்போடு போய்விட்டது. நாகநாதனின் போன் பைக்கின் டேங்க் கவருக்குள் இருந்தது, அதுவும் போய்விட்டது.

எழுந்து நடந்தார். வெள்ளைக் கார். நம்பர் பலகை முழுக்கச் சேறு அப்பியிருந்தது. நாலு கண்ணாடியிலும் கருப்பு ஸ்டிக்கர். டிரைவர் பக்கம் வந்து டார்ச் அடித்தபோது அவருடைய தொப்பியும் மீசையும்தான் கண்ணாடியில் தெரிந்தன.

"லைட்டு போடாம வர்றீங்களே, எந்த ஊரு?"

விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார்.

"இறக்குங்க."

கண்ணாடி இறங்கியது. ஒரு சாண் அளவுக்கு இறங்கி நின்றுகொண்டது.

உள்ளேயிருந்து வந்த காற்று ஏசிக் காற்று இல்லை. சித்திரையில் வாய்க்கால் வற்றி, கடைசிக் குட்டையில் மீன் செத்து மிதக்கும்போது அடிச்சேற்றிலிருந்து ஒரு வாடை கிளம்புமே, அந்த வாடை. தண்ணீர் கரை புரண்டு ஓடுகிற இந்தக் குளிரில் அது எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஓரடி பின்னால் வைத்திருக்க வேண்டும். ஆனால் நாகநாதனுக்குப் பயத்தைவிடக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் மனைவி பிரகதாம்பாள் முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோன கோளாறு அது.

சாவி உருவுவதில் அவர் மன்னன். வலது கை டார்ச்சை டிரைவர் முகத்தில் அடிக்கும். கண் கூசி அவன் இமைப்பதற்குள் இடது கை உள்ளே போய்ச் சாவியோடு வெளியே வந்துவிடும். சாவி நம்மிடம் வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் இறங்கி வந்துதான் ஆகவேண்டும். ஆர்.சி. புத்தகம் தானாக வரும், பணிவும் தானாக வரும். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் கனிமொழி முந்தின நாள் ரோல்காலில்கூடப் படித்துப் படித்துச் சொன்னார்: "யாரும் வண்டிக்குள்ள கைய விடாதீங்க. சாவியப் புடுங்காதீங்க. நிக்காமப் போனா போகட்டும், நம்பரக் குறிச்சுக்கிட்டா போதும்." நாகநாதன் "சரிங்கம்மா" என்று சல்யூட் அடித்தார். வெளியே வந்ததும் அறிவுச்செல்வனிடம், நம்பரை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா என்று சிரித்தார்.

"எறங்கச் சொன்னா எறங்க மாட்டியா நீ?"

இடது கையை அந்த ஒரு சாண் இடைவெளியில் முழங்கை தாண்டி நுழைத்தார். சாவித் துவாரம் விரலில் பட்டது. சாவி இல்லை. தடவினார். துவாரம் முழுக்கச் சேறு அடைத்து, அதுவும் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மேலே ஏறியது.

வேகமாக ஏறவில்லை. ஓர் அவசரமும் இல்லாமல் ஏறி வந்து, முழங்கைக்கு மேலே சதையில் பதிந்து, இன்னும் கொஞ்சம் பதிந்து, எலும்பு தட்டுப்பட்டதும் நின்றது. "டேய்!" என்று கத்தி இழுத்தார். கை வரவில்லை. வண்டி நகர்ந்தது.

தடுப்புகள் இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போக அவரே வழி விட்டு வைத்திருந்தார். அந்த வழியில் வண்டி நிதானமாக வளைந்தது. தடுப்பின் இரும்பு முனை வலது இடுப்பில் இடித்ததில் டார்ச் கைநழுவி விழுந்து உருண்டது. திரும்பிப் பார்த்தபோது அந்த வெளிச்சம் மட்டும் பனிக்குள் தரையோடு தரையாகக் கிடந்து, மங்கி, இல்லாமல் போனது. பாலம் முடிந்து கரைச் சாலை வந்துவிட்டது.

இடது பக்கம் ஆறு. வலது பக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் ஒதுங்கி நிற்க வேண்டிய சாலை. வண்டி ஆற்றோரமாகவே போனது. நாகநாதன் அதன் வலது பக்கத்தில், கை உள்ளேயும் ஆள் வெளியேயுமாக, கூடவே நடந்தார். நடக்க முடிகிற வேகம்தான். அதுதான் அவரை முதலில் ஏமாற்றியது. தரதரவென்று இழுத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். இது என்னவோ பேரம் படியாமல் ஆள் கூடவே நடந்து வருகிற மாதிரி இருந்தது.

வலது கையை முஷ்டியாக்கிக் கண்ணாடியில் குத்தினார். பெல்ட்டைக் கழற்றிப் பித்தளை பக்கிளால் அடித்தார். கீறல்கூட விழவில்லை. நாலாவது அடியில் பெல்ட் கைநழுவிச் சாலையில் விழுந்தது, வண்டி அதைத் தாண்டிப் போனது.

"டேய், யார்ரா நீ? போலீஸ்காரன் கையையா புடிக்கிற? உள்ள தூக்கி வச்சிருவேன்." பத்தடி நடந்தார். "இந்தா பாரு தம்பி, விளையாடாத. கண்ணாடிய இறக்கு." இன்னும் பத்தடி. "தம்பி, கேஸெல்லாம் ஒண்ணும் போடல. நீங்க பாட்டுக்குப் போங்க. கண்ணாடிய மட்டும் இறக்குங்க." எஞ்சின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சார்," என்றார் நாகநாதன். தன் வாயில் அந்தச் சொல் வந்ததே அவருக்கு அவமானமாக இருந்தது.

எதிரே பனியில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஊறி வந்தது. மொபெட் சத்தம், அதோடு கேன்கள் உரசுகிற சத்தம். பால்காரர் அரசப்பன். தினமும் இந்நேரத்துக்குப் பாலத்தைத் தாண்டுகிறவர்.

இப்போது கத்தியிருக்கலாம். ஆனால் நாகநாதன் என்ன செய்தார் என்றால், நிமிர்ந்தார். தோளைச் சரி செய்துகொண்டார். ஏட்டய்யா கை கார்க் கதவில் மாட்டிக்கொண்டு நாய்க்குட்டி மாதிரி ஓடி வந்தார் என்று அரசப்பன் வாயிலிருந்து கிளம்பினால், ஆறு மணிக்குள் டீக்கடையில் இருக்கும், ஏழு மணிக்குள் எவனாவது வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டிருப்பான். வண்டியோடு பேசிக்கொண்டே நடப்பவர் போல ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"என்னங்கய்யா, காலங்காத்தால கேஸா?" என்றார் அரசப்பன், வேகத்தைக் குறைத்து.

"ம். நீ போ."

அரசப்பன் போய்விட்டார். கேன்கள் உரசுகிற சத்தம் தேய்ந்து மறைந்தது. வண்டி, அதற்காகவே காத்திருந்தது போல, ஒரு பிடி வேகம் கூட்டியது.

பயம் அப்போதுதான் வந்தது. குளிரில் வேர்த்தது. காலைப் பெரிது பெரிதாக வைக்க வேண்டியிருந்தது. ஒரு கால் பிந்தினால் தோள்பட்டையில் யாரோ முறுக்குவது போல இழுத்தது. பூட்ஸ் புதியது, குதிகாலில் உராய்ந்து எரிந்தது. அடுத்து யார் வந்தாலும் கத்திவிடுவது, மானமாவது மண்ணாவது என்று முடிவு செய்துகொண்டார். இன்றைக்கு எட்டு மணிக்கு ட்யூட்டி முடிகிறது. எட்டு வருடத்துக்குப் பிறகு பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது. மகள் குந்தவை நேற்று ராத்திரியே வந்து இறங்கிவிட்டாள். கை வெளியே வந்தால் போதும். அது உடைந்து வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.

பின்னாலிருந்து பைக் வந்தது. தன் பைக்கின் சத்தம் தனக்குத் தெரியாதா? சைலன்சரில் ஒரு ஓட்டை, தொந்தரவு பிடித்த ஓட்டை, அந்தச் சத்தம் இன்று சாமி குரல் மாதிரி கேட்டது. அறிவுச்செல்வன். டீ வாங்கிவந்து பாலத்தில் ஆளைக் காணாமல் தேடி வருகிறான்.

"அறிவு! ஏய் அறிவு!"

பைக்கின் விளக்கு அவர் முதுகில் பட்டது. பட்ட மறுகணம் தாழ்ந்தது.

ஏன் தாழ்ந்தது என்று நாகநாதனுக்குத் தெரியும். இது அவர் போட்ட சட்டம். கார் ஜன்னலோரம் ஏட்டய்யா குனிந்து பேசினால் பக்கத்தில் யாரும் வரக்கூடாது, விளக்கடிக்கக் கூடாது, காது கொடுக்கக் கூடாது. என்ன பேசினார், என்ன கைமாறியது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு வேண்டாத விஷயம். சேர்ந்த முதல் வாரத்தில் ஒருமுறை தெரியாமல் பக்கத்தில் வந்த அறிவுச்செல்வனை வந்த வேகத்தில் திட்டி அனுப்பியவர் அவர்தான். பையன் நல்ல பையன். சொன்னதை மறப்பவன் இல்லை.

பைக் வலது ஓரமாக ஒதுங்கி அவரைக் கடந்தது. ஹெல்மெட் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஹேண்டிலில் டீ பாட்டில் தொங்கியது.

"டேய்! கை மாட்டிக்கிச்சுடா! நில்லுடா!"

கோயில் ஒலிபெருக்கி இப்போது சாலைக்கு நேர் எதிரே இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தன. அறிவுச்செல்வன் முன்னால் போய் பைக்கைத் திருப்பினான். திரும்பி வரும்போதும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். நாகநாதன் வலது கையை வீசி வீசி ஆட்டினார். போ, போ என்று துரத்தும்போதும் அவர் கையை அப்படித்தான் ஆட்டுவார்.

"நீங்க முடிச்சுட்டு வாங்கய்யா, நான் பாலத்துல நிக்கிறேன்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

சைலன்சர் ஓட்டைச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்து நின்றது. நாகநாதன் அழுதார். வாய்விட்டு, நடந்துகொண்டே அழுதார்.

ஒலிபெருக்கியும் பின்னால் போனது. பனி கறுப்பிலிருந்து சாம்பலாக மாறியிருந்தது, ஆனாலும் பார்வை போகவில்லை. தூரத்தில் இரண்டு விளக்குகள். இரண்டு மொபெட், அறுப்புக்குப் போகிற ஆட்கள், ஆணும் பெண்ணுமாகப் பேச்சுச் சத்தம். அவருக்குக் கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசில் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரம் அதை மறந்திருந்தோமே என்று தன்னையே வைதுகொண்டு, இருந்த மூச்சையெல்லாம் கொடுத்து ஊதினார். நீளமாக ஊதினார். திரும்பத் திரும்ப ஊதினார்.

விளக்குகள் நின்றன. ஒரு பெண்குரல், "அய்யய்யோ, செக்கிங்கு. வயக்காட்டுல எறக்குங்க," என்றது. விளக்குகள் இரண்டும் சாலையை விட்டுச் சரிந்து, வயல்தடத்தில் இறங்கி, குலுங்கிக் குலுங்கி விலகிப் போயின.

"காப்பாத்துங்க!" என்று கத்தினார். அந்தச் சொல்லைப் பிறர் வாயில் நிறையக் கேட்டிருக்கிறார். "எம்மா! காப்பாத்துங்கம்மா!"

போலீஸ்காரன் பனிக்குள் நின்று கத்தினால் யார் நிற்பார்கள்? விளக்குகள் இன்னும் வேகமாகப் போயின.

அதன் பிறகு யாரும் எதிரே வரவில்லை. ஆறு, எஞ்சின், அவருடைய பூட்ஸ். எங்கோ ஒரு நாரை கத்தியது. உள்ளே இருந்த கை தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போய், அது தன்னுடையது என்பதே மறந்துபோகிற நிலைக்கு வந்திருந்தது. சூடு வைத்தாலும் தெரியாது. அந்த மரத்த கையில்தான், எங்கோ வெகு தொலைவிலிருந்து வருகிற சேதி போல, ஒன்று தெரிய ஆரம்பித்தது. உள்ளங்கையில் ஏதோ இருக்கிறது. ஈரமாக. குளிர்ந்து. எலும்பு எலும்பாக.

ஒரு கை.

உள்ளே ஒருவன் இருக்கிறான், அவன் நாகநாதனின் கையைப் பிடித்திருக்கிறான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறான்? இழுத்தார். அந்தக் கையும் கூடவே வந்தது, கூடவே போனது. அந்த விரல்கள் அசைவது தெரிந்தது, மெல்ல மெல்ல, நெளிந்து நெளிந்து.

"ஐயா," என்றார் நாகநாதன். குரல் உடைந்திருந்தது. "ஐயா, சாமி. உங்களுக்கு நான் என்ன பண்ணினேன்? விட்ருங்கய்யா. வீட்டுல புள்ள வந்திருக்குங்கய்யா."

அப்போது அது கேட்டது. இத்தனை நேரம் தன் பூட்ஸின் எதிரொலி என்று நினைத்திருந்தார். எதிரொலி இல்லை. வண்டியின் அந்தப் பக்கம் யாரோ நடந்து வந்தார்கள். அவர் காலை வைத்ததும் அந்தப் பக்கம் ஒரு கால். இவர் வைக்க, அங்கே வைக்க. பூட்ஸ் சத்தம் இல்லை, செருப்புச் சத்தமும் இல்லை. காய்ந்த கட்டையால் தரையைத் தட்டுவது போல. டொக். டொக்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. "யாருங்க அங்க? அண்ணே! இந்தப் பக்கம் வாங்கண்ணே, கை மாட்டிக்கிச்சு."

டொக். டொக்.

பிறகுதான் நினைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் ஆறு. வண்டிச் சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அதில் ஓர் ஆள் நடக்க முடியாது. நடந்தாலும் இவ்வளவு தூரம் நடக்க முடியாது.

வேண்டுமென்றே ஒரு கால் தடுமாறினார். அங்கேயும் ஒரு கால் தடுமாறியது.

வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கியது. எந்த இடம் என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடம் சுற்றிய சரகத்தில் அவருக்குத் தெரியாத தடமா? ஈர மண். இருபுறமும் கதிர் முற்றிய நெல், அறுக்காமல், ஆள் கை படாமல், தலை சாய்ந்து அழுகிக் கிடந்தது. அந்தச் சேற்று வாடை இப்போது வண்டிக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. சுற்றிலும் இருந்தது. விடிந்துவிட்டது. பனி வெள்ளையாகிவிட்டது. ஆனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை. ஆற்றுச் சத்தமும் இல்லை.

எஞ்சின். பூட்ஸ். டொக்.

கண்ணாடி இறங்கியது.

ஒரு முனகலோடு முழுதாக இறங்கிக் கதவுக்குள் மறைந்தது. கையைச் சுற்றி இப்போது ஒன்றுமே இல்லை. அவர் அழுகையும் சிரிப்புமாகக் கையை இழுத்தார்.

வரவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தார்.

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பக்கத்து சீட்டில் இல்லை. பின்னால் இல்லை. உறையெல்லாம் பாசி. ஸ்டியரிங் தானாகக் கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை அந்தக் காலி சீட்டுக்கு மேலே நீண்டு கிடந்தது. அதற்கு எதிரே இன்னொரு கை. எதிர் ஜன்னலிலிருந்து நீண்டு வந்த கை. காக்கிச்சட்டைக் கை. கையில் அவருடையது போலவே ஏட்டின் மூன்று பட்டை, வெளுத்து, நூல் பிரிந்து. அந்தப் பக்கத்துக் கண்ணாடி அதன் முழங்கைக்கு மேலே பதிந்திருந்தது.

கருப்புக் கண்ணாடிக்கு வெளியே, விடிந்த வெளிச்சத்தில், ஒரு முகம் கூடவே நடந்து வந்தது. நெஞ்சுவரை தாடி. கன்னத்தில் சதை இல்லை. கண் மட்டும் உயிரோடு இருந்தது.

"கைய விடுய்யா!" என்று அலறினார் நாகநாதன். வண்டி வேகம் கூட்டியது. ஓடினார். ஓடிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டு, அந்த விரல்களைப் பிடித்துப் பிரித்தார். ஒரு விரல். பிரிந்தது. இன்னொன்று. அதுவும் பிரிந்தது. ஒரு எதிர்ப்பும் இல்லாமல், காய்ந்த சுள்ளி போல, ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஐந்தும் நிமிர்ந்துவிட்டன. அந்த உள்ளங்கை விரிந்து, ஒன்றையும் பிடிக்காமல், அகலத் திறந்து கிடந்தது.

இழுத்தார். வரவில்லை.

"நானா புடிச்சிருக்கேன்?" கண்ணாடி இடுக்கு வழியாக அந்தக் குரல் வந்தது. பேசிப் பேசித் தேய்ந்த குரல். "பாருங்கய்யா. நல்லாப் பாருங்க."

பார்த்தார்.

அந்தத் திறந்த கைக்குக் கீழே, எலும்பான மணிக்கட்டைச் சுற்றி, நீலம் பாரித்த ஐந்து விரல்கள் இறுகக் கவ்வியிருந்தன. நடுவிரலில் அவருடைய கல்யாண மோதிரம்.

"விடுங்கய்யா," என்று கெஞ்சியது அந்த முகம். "நான் ரொம்ப தூரம் நடந்துட்டேன். விடுங்க."

விடு என்றார் நாகநாதன் தன் கையிடம். விடு. விட்டுத் தொலை. வலது கையால் தன் விரல்களையே பிடித்து நெம்பினார். கடித்தும் பார்க்கலாம் என்று தலையை உள்ளே கொண்டுபோனார். எட்டவில்லை. விரல்கள் இன்னும் ஒரு சுற்று இறுகின. அந்தப் பக்கம் அவன் வலியில் கத்தினான்.

கதவுக்குள்ளிருந்து அந்த முனகல் மறுபடியும் கிளம்பியது. நாகநாதன் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். வலது கையையும் இழுத்துக்கொண்டார். இடது கை அங்கேயே இருந்தது, பிடித்ததை விடாமல், அதன் அடியிலிருந்து கண்ணாடி அவசரமே இல்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது.